குதிரைப் பந்தயத்தில் தூரத்தையும் வெற்றி வித்தியாசத்தையும் அளப்பது, படிப்பது, கணக்கிடுவது: முழுமையான வழிகாட்டி

ரிசல்ட்டில் அடுத்தடுத்து வந்த குதிரைகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை "ஷார்ட் ஹெட், 1¼, நெக்" என்று போட்டிருக்கும். ஜெயித்த குதிரைக்கும் நாலாவதாக வந்ததற்கும் இடையே எத்தனை மீட்டர், எத்தனை விநாடி என்று கேட்டால், வருஷக்கணக்கில் ரேஸ் பார்ப்பவர்களே தடுமாறுவார்கள். பந்தயத் தூரமும் அப்படித்தான். 2,400 மீட்டர் என்று அச்சடித்திருந்தால் அன்று குதிரைகள் ஓடியது 2,400 மீட்டர்தான் என்று நம்பிவிடுகிறோம். தூரம் என்பது பாதையில் ஒரே ஒரு கோட்டின் நீளம். வித்தியாசத்தைச் சொல்லும் லெங்த் (ஒரு குதிரையின் நீளம், சுமார் 2.4 மீட்டர்) என்பது பெரும்பாலும் கடிகாரத்திலிருந்து வந்த கணக்கு. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிய பெருக்கல், கூட்டல்தான்.

முதலில் அலகுகள்

பிரிட்டன், அயர்லாந்து, அமெரிக்காவில் தூரம் மைல், ஃபர்லாங், கஜத்தில் வரும். 1 ஃபர்லாங் 220 கஜம், மீட்டரில் 201.17. 8 ஃபர்லாங் 1 மைல், அதாவது 1,609.3 மீட்டர். இந்தியாவில் எல்லாம் மீட்டர்.

6 ஃபர்லாங்கையும் 1,200 மீட்டரையும் ஒன்றாக எடுத்துக்கொள்வது பழக்கமாகிவிட்டது. உண்மையில் 6 ஃபர்லாங் 1,207 மீட்டர். அந்த 7 மீட்டர் மூன்று லெங்துக்குக் கொஞ்சம் குறைவு, நேரத்தில் 0.4 விநாடி. தூரம் கூடக்கூட இடைவெளியும் வளரும். மும்பை மகாலட்சுமியில் நடக்கும் இந்தியன் டெர்பி 2,400 மீட்டர். நியூயார்க்கில் 1973இல் செக்ரடேரியட் என்ற குதிரை 2 நிமிடம் 24 விநாடியில் ஓடிய பெல்மான்ட் ஸ்டேக்ஸ் ஒன்றரை மைல், அதாவது 2,414 மீட்டர். எப்சம் டெர்பி 1 மைல் 4 ஃபர்லாங் 6 கஜம், சுமார் 2,420 மீட்டர். மூன்றையும் "டெர்பி தூரம்" என்று ஒரே பெட்டியில் போட்டு நேரத்தை ஒப்பிட்டால், தரையையும் மேட்டையும் பார்ப்பதற்கு முன்பே ஒரு விநாடிக்கு மேல் பிசகிவிடும்.

ஓடுபாதையை அளக்கும் முறை

படி 1: எந்தக் கோட்டில் அளப்பது என்று முடிவு செய்யுங்கள். வேலியை ஒட்டியே எந்தக் குதிரையும் ஓடாது. அதனால் உள்வேலியிலிருந்து சற்று வெளியே தள்ளி, வேலிக்கு இணையாக ஒரு கோடு வைத்து அளப்பார்கள். பிரிட்டனில் ஃப்ளாட் பந்தயப் (தடைகள் இல்லாத பந்தயம்) பாதைகளை மறுபடி அளந்து 2017இல் புதிய தூரங்களை வெளியிட்டபோது, உள்வேலியிலிருந்து 2 கஜம், அதாவது சுமார் 1.83 மீட்டர் தள்ளிய கோட்டையே எடுத்துக்கொண்டார்கள். அந்த அளவையில்தான் டான்காஸ்டரின் செயின்ட் லெஜர் பந்தயம் 1 மைல் 6 ஃபர்லாங் 132 கஜத்திலிருந்து 1 மைல் 6 ஃபர்லாங் 115 கஜமாக மாறியது. தடை தாண்டும் பந்தயப் பாதைகளை அதற்கு முன்பே அளந்துவிட்டார்கள். பல காலம் நாலரை மைல் என்று சொல்லப்பட்ட கிராண்ட் நேஷனலுக்கு, 2013இல் ஸ்டார்ட்டை முன்னே நகர்த்தியதும் அதன்பின் வந்த இந்த மறு அளவையுமாகச் சேர்ந்து, 2016 முதல் 4 மைல் 2 ஃபர்லாங் 74 கஜம் என்ற தூரம் வந்தது. பழைய ரெகார்டு நேரங்களைப் புதியவற்றோடு வைத்துப் பேசும்போது இதை மறக்கக் கூடாது.

படி 2: வின்னிங் போஸ்ட்டிலிருந்து (முடிவுக்கோட்டில் நிற்கும் கம்பம்) பின்னோக்கி அளங்கள். பந்தயம் எங்கே தொடங்கினாலும் முடிவது அங்கேதான். அதனால் 1,000, 1,200, 1,400 என்று ஒவ்வொரு ஸ்டார்ட் குறியும் போஸ்ட்டிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டே நடப்படும். ஸ்டார்ட்டிங் கேட்டின் (குதிரைகள் கிளம்புவதற்கு நிறுத்தும் கதவுக் கூண்டு) முன்கதவு அந்தக் குறியில் நிற்க வேண்டும், பின்சக்கரம் அல்ல.

படி 3: கருவி. சர்வேயர்கள் டோட்டல் ஸ்டேஷன் (கோணத்தையும் தூரத்தையும் அளக்கும் கருவி) அல்லது துல்லிய ஜிபிஎஸ் கருவி வைத்து அளப்பார்கள். தள்ளிக்கொண்டு போகும் அளவுச் சக்கரம் ஒரு தோராயச் சரிபார்ப்புக்குத்தான் உதவும். சக்கரத்தின் சுற்றளவு அரை சதவீதம் தவறாக இருந்தாலே 2,400 மீட்டரில் 12 மீட்டர், அதாவது 5 லெங்த் தவறிவிடும். ஈரப்புல்லில் சக்கரம் சறுக்கினால் தூரம் குறைவாகக் காட்டும். நேராகத் தள்ளாமல் வளைந்து வளைந்து தள்ளினால் கூடுதலாகக் காட்டும்.

படி 4: வளைவில் நெருக்கமாகப் புள்ளி வையுங்கள். பிழை அதிகம் நுழைகிற இடம் இதுதான். வளைவை நேர்க்கோட்டுத் துண்டுகளாக அளந்து கூட்டினால் ஒவ்வொரு துண்டும் வளைவின் உள்ளே வெட்டிக்கொண்டு போகும். 150 மீட்டர் ஆரமுள்ள அரைவட்ட வளைவை 50 மீட்டர் துண்டுகளாக அளந்தால் 2 மீட்டருக்குச் சற்று மேல் குறையும். 10 மீட்டர் துண்டுகளாக அளந்தால் 10 சென்டிமீட்டர்கூடக் குறையாது.

மேடு பள்ளத்தைப் பற்றிப் பலர் தேவைக்கு மேல் கவலைப்படுகிறார்கள். 1,000 மீட்டரில் 40 மீட்டர் ஏற்றம் இருந்தாலும் சரிவின் நீளம் 1,000.8 மீட்டர்தான். மேடு குதிரையின் மூச்சை வாங்கும், தூரத்தை அதிகம் மாற்றாது.

வேலி நகர்ந்தால் தூரம் நீளும்

புல் தேயாமல் காப்பதற்காக உள்வேலியைச் சில மீட்டர் வெளியே தள்ளிப் போடுவார்கள். இந்தியப் பந்தய அட்டைகளில் "இத்தனை மீட்டர் குறியிலிருந்து வின்னிங் போஸ்ட் வரை ஃபால்ஸ் ரெயில், அகலம் இவ்வளவு மீட்டர்" என்று ஒரு வரி இருக்கும். இப்படித் தள்ளிப் போட்ட வேலிதான் ஃபால்ஸ் ரெயில். குதிரை பெயர்களைத் தேடும் அவசரத்தில் பெரும்பாலோர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நேரத்தை வைத்துக் கணக்குப் போடுபவர் முதலில் படிக்க வேண்டிய வரியே அதுதான்.

கணக்கு இது. நேர்ப்பாதையில் வேலியை எவ்வளவு தள்ளினாலும் தூரம் மாறாது. வளைவில் மட்டும் மாறும். அரைவட்ட வளைவு என்றால், தள்ளிய மீட்டரை 3.14 ஆல் பெருக்குங்கள். கால்வட்டம் என்றால் 1.57. முழுச் சுற்று என்றால் 6.28. வளைவின் ஆரம் பெரிதோ சிறிதோ, விடை மாறாது.

வேலி 6 மீட்டர் வெளியே வந்திருக்கிறது, பந்தயத்தில் ஓர் அரைவட்ட வளைவு உண்டு என்று வையுங்கள். 6 × 3.14 = 18.8 மீட்டர். கிட்டத்தட்ட 8 லெங்த். விநாடிக்கு 16.5 மீட்டர் வேகத்தில் 1.14 விநாடி. ஸ்டார்ட்டிங் கேட்டை அதற்கேற்ப முன்னே நகர்த்தாவிட்டால், போன வாரத்தைவிட இன்று "மெதுவாக" ஓடிய குதிரை உண்மையில் வேகமாக ஓடியிருக்கலாம். பிரிட்டனில் இப்படிக் கூடுகிற கஜக் கணக்கைப் பந்தயவாரியாக முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள். அறிவிப்பு இல்லாத இடத்தில் நீங்களே போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

வெளிப்பக்கமாக ஓடும் குதிரைக்கும் இதே பெருக்கல் பொருந்தும். அரைவட்ட வளைவு முழுக்க வேலியிலிருந்து ஒரு மீட்டர் கூடுதலாக விலகி ஓடினால் 3.14 மீட்டர், அதாவது 1.3 லெங்த் அதிகம் ஓடியிருக்கிறது. மூன்று குதிரைகளுக்கு வெளியே வளைவு சுற்றி வந்து 2 லெங்தில் தோற்ற குதிரையை அடுத்த முறை சும்மா தள்ளிவிடாதீர்கள்.

கடிகாரம் எங்கே தொடங்குகிறது

பிரிட்டனில் ஃப்ளாட் பந்தயத்துக்கு கேட் திறந்ததும் நேரம் ஓடத் தொடங்கும். அமெரிக்காவில் கேட்டை அளவுக் குறிக்குச் சற்றுப் பின்னால் நிறுத்துவார்கள். முன்னணிக் குதிரை அந்த இடைவெளியை ஓடிக் கடந்து, குறியைத் தொடும்போதுதான் கடிகாரம் தொடங்கும். நின்ற இடத்திலிருந்து வேகம் பிடிக்கும் நேரத்தில் ஒரு பகுதி கணக்கிலேயே வராது. அதனால் அமெரிக்க நேரங்கள் மற்ற நாட்டு நேரங்களைவிடப் பளபளப்பாகத் தெரியும்.

வின்னிங் போஸ்ட்டில் நடப்பது

முடிவைச் சொல்பவர் ஜட்ஜ். அவர் பார்ப்பது மூக்கை மட்டும். காலோ ஜாக்கியின் கையோ முன்னால் போனால் பயனில்லை. முடிவைப் படமெடுத்துப் பார்க்கும் ஃபோட்டோ ஃபினிஷுக்காக, ஃபிலிம் ஓடிக்கொண்டே இருக்கும் கேமரா 1937இல் கலிஃபோர்னியாவின் டெல் மார் மைதானத்தில் வந்தது. பிரிட்டனில் 1947இல் எப்சமில் அறிமுகமானது. 1949இல் 2000 கினீஸ் பந்தயத்தை ஷார்ட் ஹெட்டில் ஜெயித்த நிம்பஸ் என்ற குதிரை, அதே ஆண்டு டெர்பியையும் ஹெட் வித்தியாசத்தில் ஜெயித்தது. இரண்டுக்கும் ஃபோட்டோதான் தீர்ப்பு.

ஃபோட்டோ ஃபினிஷ் படம் சாதாரணப் படம் அல்ல. கேமரா முடிவுக்கோட்டை மட்டுமே, அதுவும் ஒரு மெல்லிய செங்குத்துக் கீற்றாக, விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை பார்க்கிறது. அந்தக் கீற்றுகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் படம் கிடைக்கும். ஆகவே படத்தில் இடமிருந்து வலம் இருப்பது தூரமல்ல, நேரம். ஒவ்வொரு குதிரையின் மூக்கும் கோட்டைத் தொட்ட கணம் அந்தப் படத்தில் பதிந்திருக்கிறது. கால்கள் விநோதமாக வளைந்து தெரிவதற்கும், கோட்டின் மேல் அசையாமல் நிற்கும் எதுவும் நீண்ட பட்டையாக இழுபட்டுத் தெரிவதற்கும் காரணம் இதுதான். கேமராவின் வேகம் குதிரையின் வேகத்தோடு பொருந்தாவிட்டால் குதிரை நீண்டோ குறுகியோ தெரியும். எனவே பேப்பரில் வரும் படத்தின் மேல் ஸ்கேல் வைத்து "இது முக்கால் லெங்த்" என்று சொல்ல முடியாது.

விநாடிக்கு 2,000 கீற்று என்றால், 17 மீட்டர் வேகத்தில் ஒரு கீற்றுக்கு 8.5 மில்லிமீட்டர். அதுதான் அந்தக் கருவி பிரித்துக் காட்டக்கூடிய எல்லை. ஜட்ஜ் படத்தைப் பெரிதாக்கி, மூக்கின் முனையைத் தொடும்படி ஒரு செங்குத்துக் கோட்டை நகர்த்தி நிறுத்துவார். இரண்டு மூக்கும் அதே கோட்டில் விழுந்தால் டெட் ஹீட்.

இங்கே தவறக்கூடியவை இரண்டு. ஒன்று, கேமராவின் கோணம். முடிவுக்கோட்டிலிருந்து 0.1 டிகிரி விலகியிருந்தாலே, 20 மீட்டர் இடைவெளியில் ஓடும் இரு குதிரைகளுக்கு இடையே 3.5 சென்டிமீட்டர் பொய் வித்தியாசம் வந்துவிடும். ஒரு நோஸ் (மூக்களவு வித்தியாசம்) முடிவையே புரட்டிப்போட அது போதும். அதனால் பந்தயத்துக்கு முன் கேமராவையும் போஸ்ட்டையும் ஒரே நேரில் நிறுத்திச் சரிபார்க்க வேண்டும். இரண்டு, மறைப்பு. கேமராப் பக்கக் குதிரை அந்தப் பக்கக் குதிரையின் மூக்கை மறைத்துவிடும். எதிர்ப்புறம் போஸ்ட்டில் கண்ணாடி வைப்பது அதற்காகவே. படத்தின் ஓரத்தில் தெரியும் பிரதிபலிப்பில் மறைந்த மூக்கைக் கண்டுபிடிப்பார்கள். அதனால் கண்ணாடியைத் துடைத்து வைப்பதும் ஜட்ஜ்மென்ட்டின் ஒரு பகுதிதான்.

பார்வையாளர் கண்ணும் ஏமாறும். போஸ்ட்டுக்கு முன்னால், குதிரைகள் இன்னும் அங்கே போய்ச் சேராத பக்கத்தில் நின்றால், உங்களுக்கு அருகில் ஓடும் குதிரை முந்துவதாகத் தோன்றும். போஸ்ட்டைத் தாண்டிய பக்கம் நின்றால் தூரத்துக் குதிரை முந்துவதாகத் தோன்றும். டிவி கேமராவும் நேர்க்கோட்டில் இல்லாவிட்டால் இதே கதிதான். இன்னொன்று, குதிரை ஒவ்வொரு பாய்ச்சலிலும் தலையை நீட்டி இழுத்துக்கொள்ளும். கோட்டுக்கு முன்னும் பின்னும் முந்தியிருந்த குதிரை, கோட்டின் மேல் தலையை இழுத்த கணத்தில் தோற்றுப்போவது சகஜம். நிறுத்தப்பட்ட வீடியோவை வைத்துக்கொண்டு ஜட்ஜ் மேல் கோபப்படுவதில் அர்த்தமில்லை.

வித்தியாசங்களின் பெயர்கள்

சிறியதிலிருந்து பெரியதாக: நோஸ், ஷார்ட் ஹெட், ஹெட், நெக், அரை லெங்த், முக்கால், 1 லெங்த், அதன்பின் 1¼, 1½ என்று போகும். இந்திய ரிசல்ட்டுகளில் ஷார்ட் நெக், லாங் நெக் என்ற இரண்டும் உண்டு. லாங் நெக் நெக்குக்கும் அரை லெங்துக்கும் நடுவே. கணக்குப் போட லெங்த் அளவில் இந்த மதிப்புகள் போதும்: நோஸ் 0.05, ஷார்ட் ஹெட் 0.1, ஹெட் 0.2, ஷார்ட் நெக் 0.25, நெக் 0.3, லாங் நெக் 0.4.

1 லெங்த் என்பது மூக்கிலிருந்து வால்வரை ஒரு குதிரையின் நீளம், சுமார் 8 அடி அல்லது 2.4 மீட்டர். ஜப்பானில் 10 லெங்துக்கு மேல் போனால் எண் சொல்லாமல் "பெரிய வித்தியாசம்" என்று மட்டும் போடுவார்கள். பிரிட்டனில் 30 லெங்துக்கு மேல் "டிஸ்டன்ஸ்" என்ற சொல் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் ஒரே பந்தயத்தைப் பல சுற்றுகளாக ஓட்டிய காலத்தில், போஸ்ட்டுக்கு 240 கஜம் முன்னால் ஒரு கம்பம் நட்டிருப்பார்கள். முதல் குதிரை முடிக்கும்போது அந்தக் கம்பத்தைத் தாண்டாத குதிரை அடுத்த சுற்றில் ஓட முடியாது. அந்த வழக்கம் போய்ச் சொல் மட்டும் மிஞ்சியது.

விநாடியை லெங்த் ஆக்குவது

பிரிட்டனில் கேமரா தரும் நேர இடைவெளியை ஒரு விகிதத்தால் பெருக்கி லெங்த் ஆக்குகிறார்கள். நல்ல தரையில் ஃப்ளாட் பந்தயத்துக்கு விநாடிக்கு 6 லெங்த். சேறான தரையில் தடை தாண்டும் பந்தயத்துக்கு விநாடிக்கு 4. களைத்த குதிரை சேற்றில் மெதுவாக வருவதால், அதே ஒரு விநாடியில் கடக்கும் தூரம் குறைவு என்பதே காரணம். பழைய ஆட்கள் கையாளும் "ஒரு லெங்த் என்றால் ஐந்தில் ஒரு விநாடி" என்ற கணக்கு, விநாடிக்கு 5 லெங்த் என்பதற்குச் சமம்.

ஓர் எடுத்துக்காட்டு. 1,200 மீட்டர் பந்தயம், வித்தியாசங்கள்: ஷார்ட் ஹெட், 1¼, நெக், ¾. ரிசல்ட்டில் இருப்பது அடுத்தடுத்த குதிரைகளுக்கு இடையே உள்ள இடைவெளி, ஜெயித்த குதிரையிலிருந்து அல்ல. புதிதாகப் படிப்பவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். கூட்டிக்கொண்டே போங்கள். இரண்டாவது 0.1, மூன்றாவது 1.35, நாலாவது 1.65, ஐந்தாவது 2.4 லெங்த். ஐந்தாவது குதிரை பின்தங்கியது எத்தனை விநாடி? விநாடிக்கு 6 என்றால் 0.40. விநாடிக்கு 5 என்றால் 0.48. உண்மையான 2.4 மீட்டரையும் 16.5 மீட்டர் வேகத்தையும் வைத்தால் 0.35. மூன்றும் வெவ்வேறு விடை. ரிசல்ட் வெளியிட்டவர்கள் எந்த விகிதத்தால் பெருக்கினார்களோ அதே விகிதத்தால்தான் திரும்ப வகுக்க வேண்டும். ஒவ்வொரு குதிரைக்கும் நேரமே அச்சிட்டிருந்தால் லெங்தை விட்டுவிட்டு நேரத்தை எடுங்கள்.

லெங்திலிருந்து எடைக்கு

ஹேண்டிகேப் (குதிரையின் திறமைக்கேற்ப எடை சுமக்க வைக்கும் முறை) பார்ப்பவர்களுக்கு இது தேவை. 5 ஃபர்லாங்கில் 1 லெங்த் சுமார் 3 பவுண்டு எடைக்குச் சமம், ஒரு மைலில் சுமார் 2 பவுண்டு, ஒன்றரை மைலில் சுமார் ஒன்றரை, 2 மைலுக்கு மேல் 1. தூரம் நீள நீள ஒரு லெங்தின் மதிப்பு குறையும். இந்தியக் கணக்குக்கு ஒரு பவுண்டை 0.45 கிலோ என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

இந்தப் பெருக்கலை நெருங்கிய முடிவுகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 1981 எப்சம் டெர்பியை ஷெர்கார் 10 லெங்தில் ஜெயித்தது, அந்தப் பந்தய வரலாற்றிலேயே பெரிய வித்தியாசம். ஆனால் ஜாக்கி வால்டர் ஸ்வின்பர்ன் போஸ்ட்டுக்கு வெகு முன்பே குதிரையை நிதானப்படுத்திவிட்டார். அந்த 10ஐ எடையாக மாற்றினால் ஷெர்காரைக் குறைத்து மதிப்பிட்டவர்கள் ஆவோம். கடைசியில் வரும் குதிரைகளுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. வாய்ப்பில்லை என்று தெரிந்ததும் ஜாக்கி அவற்றை ஓட்டாமல் விட்டுவிடுவதால் 15, 20 லெங்த் தோல்விகளில் பாதி வெறும் காற்று.

டெட் ஹீட் வந்தால்

முதலிடத்துக்கு இரண்டு குதிரைகள் சமமானால் முதல், இரண்டாம் பரிசுகளைக் கூட்டிச் சரிபாதியாகப் பிரிப்பார்கள். முதல் பரிசு 6 லட்சம், இரண்டாவது 2 லட்சம் என்றால் ஆளுக்கு 4 லட்சம். அடுத்து வரும் குதிரை மூன்றாவது, இரண்டாவது அல்ல. வித்தியாசம் கூட்டும்போது டெட் ஹீட்டுக்கு 0 போட்டுத் தொடருங்கள். மூன்று குதிரைகள் சமமானால் மூன்று பரிசுகளையும் கூட்டி மூன்றால் வகுக்க வேண்டும், அடுத்த குதிரை நாலாவது. அபூர்வம்தான், ஆனால் நடந்திருக்கிறது. 1944இல் நியூயார்க்கின் அக்வடக்டில் கார்ட்டர் ஹேண்டிகேப்பில் பிரவுனி, போஸ்வே, வெயிட் எ பிட் மூன்றும் சமம். 1956இல் மெல்போர்னின் ஃப்ளெமிங்டனில் ஹோதம் ஹேண்டிகேப்பில் ஆர்க் ராயல், ஃபைட்டிங் ஃபோர்ஸ், பாண்டி சன் மூன்றின் மூக்கும் ஃபோட்டோவில் ஒரே கோட்டில் விழுந்தன.